சோதனையில் பாஸ் பண்ணிய பூனை

1. லிப்டுக்குள் திருத்தப்படும் மருந்து

கொழும்பு வெள்ளவத்தையில் மிருக வைத்தியராக இருப்பவருக்கு ஒரு பூனையின் சீனி வருத்தத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. வீட்டுக்காரருக்கு அதை விளங்கப்படுத்துவதுதான் வேலை, ஏனென்றால் அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் விளங்கியிருக்கும். புருசனுக்குச் சீனி, மனைவிக்குச் சீனி, மேல் மாடிக்காரருக்கும் சீனி. ஆளுக்கொரு மீட்டர், ஆளுக்கொரு வைத்தியம். நான் எழுதிக் கொடுக்கும் மருந்தின் அளவை வீடு போய்ச் சேர முன்னம் லிப்டுக்குள் வைத்தே திருத்திவிடுவார்கள்.

மாஸ்டர் அதில் முதலாவது ஆள். பல்கலைக்கழகம் போக ஏ.எல். சோதனை எடுக்கும் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் கொடுத்தே தலை நரைத்தவர். பூனையின் பெயர் மினிஸ்டர். ஒரு வேலையும் செய்யாமல் நன்றாகச் சாப்பிடுவதால் வந்த பெயராம். மெல்பேர்ணுக்குக் குடிபோன மகள் விட்டுவிட்டுப் போன பூனை அது. வீடியோ கோல் எடுத்தால் அப்பாவைச் சுகம் கேட்க முதல் பூனையைக் காட்டச் சொல்வாளாம்.

"இவனுக்கு ஏதும் நடந்தா அவள் என்னோட கதைக்க மாட்டாள், டொக்டர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை பூனையின் கழுத்தை விட்டு எழும்பவேயில்லை.

காலையும் மாலையும் இன்சுலின். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் எனக்குக் கோல் எடுக்க வேண்டும். இவ்வளவையும் இரண்டு தரம் சொன்னேன்.

"எனக்கே நான்தான் ஊசி போடுறனான். எனக்கு இருபது யூனிட், இவனுக்கு ரெண்டு. இதென்ன டொக்டர், லேசான ஓ.எல். பாடம்."

அவருடைய மனைவி சறோ அக்கா பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தார். அதை நான் அன்றைக்குக் கவனித்திருக்கலாம்.

2. நல்ல மார்க்ஸ்

இன்சுலின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பூனையை ஒரு நாள் கிளினிக் கூட்டில் வைத்திருப்போம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை காது நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்போம். கேர்வ் எடுப்பது என்று பெயர்.

பின்னேரம் மாஸ்டர் வந்து வாசலிலேயே கேட்டார்: "என்ன டொக்டர், பாஸோ?"

பாஸ்தான். சீனி நன்றாக இறங்கியிருந்தது. இவ்வளவு இறங்கினால் ஆபத்து என்று நான் டோஸைக் குறைத்தேன். மாஸ்டர் காம்பவுண்டரிலிருந்து வாசல் கூட்டுபவர் வரைக்கும் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமையே சறோ அக்கா கோல் எடுத்தார். "தண்ணிக் கோப்பையோடயே குடியிருக்கிறான் டொக்டர். அவன் மூத்திரம் பெய்யிற மண் தட்டை மாத்தி மாத்தி எனக்கு இடுப்பு முறியுது." தூக்கிப் பார்த்தால் பூனை மெலிந்திருந்தது. மீட்டரைச் சந்தேகப்பட்டு வேறு மீட்டர் எடுத்தேன். மருந்தைச் சந்தேகப்பட்டு வேறு போத்தல் கொடுத்தேன். ஒன்றும் பிடிபடாமல் டோஸை மறுபடி கூட்டிவிட்டு, இன்னொரு கேர்வுக்கு நாள் கொடுத்தேன். நான் சந்தேகப்படாத ஒரே ஆள் மாஸ்டர்.

3. காலி வீதியில்

அந்தக் கேர்வு நாள் காலையில் அவர்கள் வந்த ஓட்டோ கொழும்பின் பெரிய வீதியான காலி வீதி நெரிசலில் நிற்க, பூனைக்கு வலிப்பு வந்துவிட்டது. சறோ அக்கா இறங்கி, பூனையைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் மாஸ்டர், ஒரு காலில் மட்டும் செருப்பு.

மீட்டர் இலக்கமே காட்டவில்லை. 'லோ' என்று மட்டும் காட்டியது. காலில் நரம்பு தேடி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே கேட்டேன்: "காலமை என்ன சாப்பிட்டவன்?"

 சறோ அக்காதான் வெடித்தார்.

"சாப்பிட விட்டாத்தானே. செக்கப் எண்டா ரெண்டு நாளைக்கு முந்தியே இவர் சாப்பாட்டைக் குறைச்சுப்போடுவார். போன முறையும் அப்பிடித்தான். தனக்கும் அதே கதைதான் டொக்டர். தன்ர சீனிக் கிளினிக் வருதெண்டா பாகற்காயும் கீரையும். ரத்தம் குடுத்திட்டு வரேக்க நேர மசாலா தோசைக் கடை."

"ஊசி?"

"போட்டனான்" என்றார் மாஸ்டர்.  "ரிசல்ட் நல்லா வரட்டுமெண்டு."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "மாஸ்டர், நான் இங்க மார்க்ஸ் போட இருக்கேல்ல. இவன் வீட்டில எப்பிடி இருக்கிறானோ அப்பிடியே எனக்குத் தெரியோணும். நீங்க பாஸ் பண்ண வைக்க வைக்க நான் பிழையான டோஸ் குடுத்துக்கொண்டிருக்கிறன்."

அவர் சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினார். "அவளுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?"

நான் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு மினிஸ்டர் தலையைத் தூக்கி, ஊசி பிடித்திருந்த என் விரலைக் கடித்தது. என் தொழிலில் நான் வாங்கிய கடிகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

4. ஃபெயில்

அடுத்த கேர்வுக்கு முன்னம் வழமையான சாப்பாடு, வழமையான ஊசி. சறோ அக்கா காவல். பின்னேரம் வந்த மாஸ்டரிடம், "ஃபெயில்" என்றேன். சீனி எக்கச்சக்கம். பிள்ளைக்கு மெடிசின் படிக்க இடம் கிடைக்காத தகப்பனைப்போல நின்றார்.

"இப்பதான் எனக்கு இவன்ர வருத்தமே தெரியுது மாஸ்டர். இனி மருந்து குடுக்கலாம்."

அரை யூனிட் அரை யூனிட்டாகக் கூட்டினோம். இரண்டு மாதத்தில் பூனை சதை போட்டது. மெல்பேர்ணுக்கு நடந்ததை மாஸ்டரே சொன்னார். மகள் நன்றாக ஏசினாளாம். இப்போதும் கோல் எடுக்கிறாள்.

இளம் டொக்டர்மாருக்கு நான் சொல்வது இதுதான். ரிப்போர்ட் அழகாக வந்தால் சந்தோஷப்பட முதல், நேற்று என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். மனிசனைக் கேட்காமல் மனிசியைக் கேளுங்கள்.

கடைசியாக வந்தபோது சறோ அக்கா போகிற போக்கில் நின்று, வெறுமையாயிருந்த கூட்டைப் பார்த்தார்.

"டொக்டர், இவருக்கு நாளைக்குச் சீனிக் கிளினிக். முந்தாநாள் தொடக்கம் பாகற்காய்தான். இண்டைக்கு இவரை இதுக்குள்ள வைச்சிருக்க ஏலுமோ?"

மாஸ்டர் பூனைக் கூடையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வீதியைக் கடந்து தோசைக் கடைக்குள் போனார்.

"எங்க போறியள்?" என்று சறோ அக்கா கத்திக் கேட்டார்.

"ஃபெயிலாக."