அடுப்புக்கு மேலே போகிற குழாய்

"கீழ்வீட்டு அண்ணன் சொல்றது தப்பா? நீ சொல்லு."

கையில் மூடி போட்ட வாளியோடு படிக்கட்டில் நின்று ஷூயிங் அத்தை என்னைக் கேட்டார். நான் அப்போதுதான் பள்ளியை முடித்திருந்தேன். "தெரியலை அத்தை" என்று சொல்லிவிட்டு, அவர் இறங்குவதற்காகச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எங்கள் படிக்கட்டில் ஒருவர் ஒட்டிக்கொண்டால்தான் இன்னொருவர் போகலாம்.

ஷாங்காயில் எங்கள் சந்தில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று கட்டியவை. எங்கள் வீட்டில் இப்போது ஐந்து குடும்பங்கள். யார் வீட்டிலும் கழிவறை கிடையாது. வாளிதான். காலையில் எல்லோரும் அதைச் சந்தின் கோடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவுவோம். கீழே எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையலறை. ஆனால் ஐந்து அடுப்பு, ஐந்து தண்ணீர்க் குழாய், ஐந்து பல்பு. அவரவர் சமைக்கும்போது அவரவர் பல்பைத்தான் போட வேண்டும். அடுத்தவர் பல்பு வெளிச்சத்தில் கீரை ஆய்ந்தால்கூட யாராவது தொண்டையைச் செருமுவார்கள்.

அந்தச் சமையலறைக்கு நேர் மேலே, படிக்கட்டின் பாதி வழியில் இருக்கும் சின்ன அறைதான் ஷூயிங் அத்தையுடையது. வெயில் எட்டாத அறை. கீழே யார் மீன் வறுத்தாலும் வாசனை முதலில் அங்கேதான் போகும். அத்தை விடியும் முன்பே எழுந்து வாளியைக் கழுவி வைத்துவிட்டு, ஆவியில் வேகவைத்த ரொட்டி விற்கும் கடைக்கு மாவு பிசையப் போவார். மத்தியானம் வந்து கணவருக்கு ஊட்டிவிட்டு மறுபடியும் போவார். இருட்டிய பிறகு திரும்பிவந்து மறுபடியும் வாளி. அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் கணவர் தாவ் மாமா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அன்று அவரை முதுகில் சுமந்து, அந்தக் குறுகலான படிக்கட்டில் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறக்கியவர் கீழ்வீட்டுப் பெய் மாமா. அதைச் சொல்லாமல் மேலே சொன்னால் நியாயமாக இருக்காது.

தாவ் மாமாவுக்கு வாளியில் உட்காரவும் எழவும் ஆள் வேண்டும். மனைவி வேலைக்குப் போயிருக்கும்போது தேவைப்பட்டுவிடுமே என்று அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். உதடு வெடித்துவிட்டது. சிறுநீரில் ரத்தம் வந்தது. இப்படியே போனால் சிறுநீரகம் போய்விடும் என்று மருத்துவர் அத்தையைத் திட்டினார்.

அந்தக் குளிர்காலத்தில் அரசாங்கத்தின் தெருக்குழு ஆட்கள் வந்தார்கள். விரும்புகிற வீடுகளுக்கு அறை மூலையில் சின்னதாக ஒரு கழிவறை வைத்துத் தருவார்களாம். பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உண்டு. ஒரே நிபந்தனை, வீட்டில் இருக்கும் எல்லாக் குடும்பங்களும் சம்மதிக்க வேண்டும். நாலு குடும்பம் சம்மதித்தது. பெய் மாமா மட்டும் மாட்டேன் என்றார். கழிவுக்குழாய் அத்தையின் அறையிலிருந்து சமையலறைக்குள் இறங்கி, அவருடைய அடுப்புக்கு நேர் மேலேதான் போக வேண்டியிருந்தது.

"நான் சோறு பொங்குற எடத்துக்கு மேல உங்க வீட்டுச் சாக்கடை போகணுமா?" என்றார். "அடுப்புச்சாமி இருக்கிற எடம்மா அது."

"சொட்டுகூட விழாதுன்னு மேஸ்திரி சொல்றாருண்ணே" என்றார் அத்தை.

"மேஸ்திரியா வந்து என் சட்டியில சாப்பிடப் போறான்?"

பெய் மாமாவுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஒற்றை ஆளுக்காக அவர் ஒரு மணி நேரம் நின்று பன்றி விலாவைச் சோயாவில் வதக்குவார். புகை படிந்த அடுப்புச்சாமி படத்துக்கு முதல் ஆவியைக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார். அந்த மூலையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. அதனால்தான் அத்தை என்னைக் கேட்டபோது தெரியலை என்று சொன்னேன்.

"அவர் அடுப்பை வேற பக்கம் நகத்தலாமே" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எந்தப் பக்கம்? நம்ம ஜன்னலோரத்தையா குடுக்கப் போற?" என்றார் அம்மா. "அடுப்படியில ஒரு விரக்கடை விட்டுக்குடுத்தா அது திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. போய் உன் வேலையப் பாரு. வேலையிருந்தா."

தெருக்குழு ஆட்கள் எங்கள் சந்தை முடித்துக்கொண்டு அடுத்த சந்துக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. போனால் திரும்பி வருவார்களா என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாரத்தில் ஒரு மாலை நான் சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளே வந்தார். தலைமுடியில் மாவு. யாரையும் பார்க்கவில்லை. கை தூக்கி ஒரு பல்பைப் போட்டார், சட்டியை வைத்தார், கஞ்சியைக் கிண்ட ஆரம்பித்தார். கண் பாதி மூடியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெய் மாமாவின் கதவு திறந்தது.

அத்தை போட்டிருந்தது பெய் மாமாவின் பல்பு. சட்டி இருந்தது பெய் மாமாவின் அடுப்பில்.

எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய திருட்டு கிடையாது. மாடியில் இருந்தவர்கள்கூடப் படிக்கு வந்துவிட்டார்கள்.

"பலே! குழாய் வேணாம்னு சொன்னேன், இப்ப அடுப்பையே புடிச்சாச்சா?" என்று கத்தினார் பெய் மாமா. "என் கரண்டு, என் கேஸு! அப்படியே இங்கயே குடியிருந்து சமைச்சுக்கோயேன்!"

அத்தை பல்பை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டியைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"இங்கயே சமைச்சுக்கறேன். நீங்க என் எடத்துக்குப் போங்கண்ணே. எங்க வீட்டுக் குழாய் என் தலைக்கு மேலயே போகட்டும்."

இத்தனை நாளும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. நகர்த்த இடம் எங்கே என்று கேட்டோமே தவிர, இரண்டு அடுப்பை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கவில்லை.

"உன் எடம் பின்வாசல் பக்கம்" என்றார் பெய் மாமா கடைசியில், குரல் இறங்கி. "காத்து அடிக்கும். தீ நிக்காது."

"தகரம் அடிச்சுத் தர்றேன்."

"நீ அடிப்பியா? ஆணி எது சுத்தியல் எதுன்னு தெரியுமா உனக்கு? நானே அடிச்சுக்கறேன்." சாமி படத்தைப் பார்த்தார். "ஆனா இப்ப நகத்த முடியாது. சாமி இருக்கும்போது அடுப்பை அசைக்கக் கூடாது. அவர் முதல்ல வானத்துக்குப் போகட்டும்."

வருடக் கடைசியில் அடுப்புச்சாமி வானத்துக்குப் போய் எங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, புத்தாண்டுக்கு முந்தின இரவு திரும்புவார். இடையில் ஒரு வாரம் அடுப்புக்கு ஆள் இல்லை. அந்த வாரத்தில்தான் மாற்ற முடியும். அத்தை மேஸ்திரியிடம் போய்க் கேட்டார். அடுத்த சந்து வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். நிச்சயமாகச் சொல்லவில்லை. அதுவரை அத்தை வாளி தூக்கினார். தாவ் மாமா உதட்டை நனைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சாமி போகிற நாளில், மேலே போய்க் கெட்டதைச் சொல்லாமல் வாய் ஒட்டிக்கொள்ளட்டும் என்று படத்தின் உதட்டில் தடவுகிற பிசுபிசுப்பான இனிப்பை, பெய் மாமா வழக்கத்தைவிடத் தடிமனாகத் தடவினார். "இந்த வருஷம் மேல சொல்றதுக்கு அவருக்கு நிறைய இருக்கு" என்றார் என்னிடம். மறுநாள் அடுப்புகள் இடம் மாறின. பல்புகளும்தான். மேஸ்திரியும் வந்தார், இரண்டு நாள் தாமதமாக.

கழிவறை வந்துவிட்டது; கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாவ் மாமா தானே போய்க்கொள்கிறார். வந்ததால் அத்தை ஓய்வெடுத்தார் என்று நான் எழுதினால் பொய். இன்றும் விடியும் முன்பே மாவு பிசையப் போகிறார். மாலையில் அந்தச் சாம்பல் நிறக் குழாய்க்குக் கீழே நின்று சமைக்கிறார். அவர் அடுப்பில் நிற்கும் நேரத்தில் தாவ் மாமா மேலே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மனைவியின் தலைக்கு மேலே தண்ணீர் விட மனசு வராமல். அத்தைக்கு அது தெரியும். கரண்டியால் குழாயை இரண்டு தட்டுத் தட்டுவார்.

"அடக்காதீங்க! விடுங்க!"

கொஞ்ச நேரம் கழித்துக் குழாயில் தண்ணீர் இறங்கும். அத்தை அண்ணாந்து பார்க்காமல் கிண்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் சந்தைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது. ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு சமையலறை என்று தனித்தனியாகப் போகப்போகிறோம். யாரோடும் சண்டை போட வேண்டியிருக்காது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஷூயிங் அத்தையைப் பற்றி எழுதிவைக்க வேறு யாரும் இல்லாததால் நான் எழுதினேன். நீங்கள் படித்துவிட்டு வைத்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு சாண் இடத்துக்காக முறைத்துக்கொண்டிருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு ஒருமுறை இதைச் சொல்லுங்கள்.