ஆன்ட்டி கழுவிய தூசி ஜாடி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. பகாங்கில் மலையைக் குடைந்து எடுக்கும் இரும்புத் தாது லோரி லோரியாகக் கிள்ளான் துறைமுகத்துக்கு வரும்; கப்பல் ஏறும்வரை அங்கேயே குவிந்து கிடக்கும். காற்றடித்தால் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வாசல், காயப்போட்ட துணி, சாமி படம் எல்லாம் சிவப்பு. மக்கள் புகார் கொடுத்தார்கள். தூசியை அளந்து சொல்லத் தாதுக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது.

வேலியை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில், புனல் பொருத்திய ஜாடி ஒன்றை வைத்தேன். மாதம் முழுக்க விழும் தூசி அதில் சேரும், எடுத்து நிறுப்போம். அளவு மீறினால் கம்பெனி குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடணும், லோரிச் சக்கரத்தைக் கழுவித்தான் ரோட்டுக்கு விடணும். மீறாவிட்டால் ஒன்றும் செய்யவேண்டாம். அந்த வீட்டு அங்கிளுக்கு ஆஸ்துமா. அவர் மூச்சு அந்த ஜாடியை நம்பித்தான் இருந்தது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை போய் எடுப்பேன். மூன்று மாதமும் ஜாடி பளபளவென்று இருந்தது. எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் பெரிய மேதாவி மாதிரி ‘தூசி மிகக் குறைவு’ என்று ரிப்போர்ட் எழுதினேன். ‘மக்களுடன் கலந்துரையாடல்’ என்று தனி அத்தியாயம் வேறு, வழவழ தாளில்.

தாமான் மண்டபத்தில் கூட்டம். நான் வாசித்து முடித்ததும் அந்த வீட்டு ஆன்ட்டி எழுந்தார்.

“ஜாடியில எப்படி தம்பி தூசி இருக்கும்? வெள்ளிக்கிழமை தவறாம நான்தானே கழுவி வைக்கிறேன்! வாசல்ல அழுக்குப் பாத்திரம் கிடந்தா வீட்டுக்கு லெட்சுமி வருவாளா?”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். பக்கத்திலிருந்தவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் ஆன்ட்டிக்கு விஷயம் புரிந்தது. முகம் செத்துப்போனது. “ஐயோ, அவருக்கு நானே கெடுதல் பண்ணிட்டேனா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க இல்ல ஆன்ட்டி, நான்தான். இது என்ன ஜாடின்னு ஒரு நாளாவது உங்ககிட்ட சொன்னேனா?”

மூன்று மாதமும் அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவன். சொல்லணும் என்று தோன்றவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கம்பெனி மேனேஜருக்கு மட்டும் வாயெல்லாம் பல். “நோ புரோப்ளம் லா! இன்னும் மூணு மாசம் புதுசா அளப்போம். அப்புறம் பார்க்கலாம்.”

அங்கிள் வாயிலிருந்து மருந்துப் பம்பை எடுத்தார்.

“அதுவரைக்கும் நான் மூச்சு விடலாமா, பாஸ்?”