வாளியின் அடியில் மாவு

என் கணவரின் வேலைச் சட்டையை நேராக வாஷிங் மெஷினில் போட முடியாது. முதலில் வாளியில் ஊற வேண்டும். பண்டார் தெங்காரா ஊர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் பாறை வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறார். அருகில் வீடுகள் வந்துவிட்டதால் அங்கே வெடி வைக்க முடியாது. இரும்புப் பற்கள் பதித்த உருளை சுழன்று பாறையைப் பெயர்த்தெடுக்கும். சில வாரம் வாளியின் அடியில் நறநறவென்று மணல் தங்கும். சில வாரம் மைதா மாவு மாதிரி வழவழவென்று படியும். மாவு படிகிற வாரங்களில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட இருமிக்கொண்டிருப்பார்.

தம்போயில் அந்தப் பற்களை விற்கும் கடையில்தான் எனக்கு வேலை. சில வாரம் மணலும் சில வாரம் மாவும் வருகிற காரணம் புரிய நாளாகவில்லை. கூரான பல் பாறையைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். மழுங்கிய பல் நசுக்கி அரைக்கும். ஒரு கல்லை இரண்டாக உடைக்க ஆகிற சக்தி எங்கே, அதையே மாவாக்க ஆகிற சக்தி எங்கே. எரித்த டீசல் தூசியாகப் பறக்கிறது, அதில் ஒரு பங்கு இவர் நெஞ்சுக்குள் போகிறது.

பல்லை மாற்றச் சொல்லிக் கேளுங்கள் என்று நச்சரித்தேன். குவாரியில் முழுசாகத் தேயும்வரை ஓட்டத்தான் சொல்வார்களாம். இவருக்கு வாய் சாப்பிட மட்டும்தான். குவாரி மேனேஜர் கடைக்கு வந்தபோது நானே பேசிவிட்டேன். அவரும் தமிழர்தான், மரியாதையானவர். மழுங்கிய பல்லால் தூசி கூடுவதையும், வீட்டில் இவர் இருமுவதையும் சொன்னேன்.

"மாஸ்க் குடுத்திருக்கோமே, போடச் சொல்லுங்க லா," என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு வியாபாரக் குரலில் மறுபடி ஆரம்பித்தேன். மழுங்கிய பல்லோடு ஓட்டினால் அதே பாறைக்கு இயந்திரம் கூடுதலாக டீசல் குடிக்கும், புதுப் பல் போட்டு நீங்களே டேங்கைப் பாருங்கள் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. டீசல் டேங்குக்கு அளவு காட்ட ஒரு முள் இருக்கிறது, இருமலுக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

இப்போது பாதி தேய்ந்ததுமே பல்லை மாற்றுகிறார்கள். நல்ல ஐடியா கொடுத்தீர்கள், டீசல் மிச்சமாகிறது என்று மேனேஜர் போன் போட்டு நன்றி சொன்னார். இவருக்கு இருமல் குறைந்திருக்கிறது, போகவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு இவரை அனுப்பச் சொல்லி மேனேஜரிடம் கேட்க வேண்டும். அதில் எவ்வளவு டீசல் மிச்சமாகும் என்று சொல்வதென்றுதான் தெரியவில்லை.