லோடு இறக்கிட்டு வா

என் மகள் உயிரோடு இருக்கும்போது அவள் அப்பாவை வரவிடாமல் செய்தது நீங்கள்தான், மாமா. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன் நீங்கள். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

மோகனூரில் சாதாரணக் காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது. சேலத்துக்குக் கொண்டுபோனதும் மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஐசியூவில் படுக்கவைத்து வாயில் குழாய் போட்டார்கள். அவர் அப்போது லாரியில் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

நான் போனை எடுத்தேன். நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள்.

"இங்க பாரு சாமி, ஸ்டியரிங் புடிச்சிருக்கறவன்கிட்ட கெட்ட சேதி சொல்லக் கூடாது. கை நடுங்கி எங்காச்சும் உட்டான்னா நீதான் பதில் சொல்லோணும்."

லாரிக்காரர் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். எனக்கும் தெரியும்.

"வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டு அப்பறம் சொல்லுங்க. ரயில்ல வரட்டும்" என்றேன்.

"அவுத்துக் கட்டிட்டு வாரதுக்கு அதென்ன மாட்டு வண்டியா?" என்று சிரித்தீர்கள். என் முன்னாலேயே போனில் சொன்னீர்கள்: "வெறும் காய்ச்சல்தான்டா. லோடு இறக்கிட்டு வா."

பிறகு என் கையில் கொடுத்தீர்கள். எதிரிலேயே நின்றீர்கள்.

"பாப்பா தூங்குதா?" என்றார் அவர்.

"தூங்குதுங்க."

"எந்திரிச்சா போன் போடு. ஹாரன் அடிக்கிறேன்."

எந்த ஊரில் இருந்தாலும் போனில் அவளுக்கு ஹாரன் அடித்துக் காட்டுவார். அவள் திருப்பி வாயால் அடிப்பாள். பேசி முடித்ததும் என் போனை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். குழாய் போட்டிருக்கிற பிள்ளைக்கு சாத்துக்குடி, ரொட்டி. எல்லாம் என் நாற்காலிக்கு அடியில் கிடந்து நாறியது. வந்தவர்கள் எல்லோருக்கும் முதலிலிருந்து கதை சொன்னேன். "கொசுவலை கட்டலயா?" என்றாள் ஒருத்தி. "தைரியமா இரு" என்று சொல்லாத ஆளில்லை. சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவள் யாரோ. தம்மம்பட்டிக்காரி. மரத்திலிருந்து விழுந்த புருசனை அதே ஐசியூவில் போட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். இட்லி வாங்கி வந்து பிரித்து வைத்தாள். "போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டு வா. உள்ள கூப்புட்டா நான் ஓடியாந்து சொல்றேன்" என்றாள். குளித்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் கேட்டாள், "அவங்கப்பா எங்க?"

சொன்னேன். அவள் தன் போனை எடுத்து நீட்டினாள்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். சொன்னேன். இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கிளம்பிட்டேன்" என்றார்.

அவ்வளவுதான், மாமா. அவர் கை நடுங்கி எதிலும் மோதவில்லை. சாவியை ஓனர் அனுப்பிய ஆளிடம் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். முதல் நாளே சொல்லியிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார். வந்து அவள் கையையாவது பிடித்திருப்பார், அது சூடாக இருக்கும்போது.

அவர் வாசலில் வந்து நின்றபோது நாங்கள் பாப்பாவைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்துப் படுக்கவைத்திருந்தோம். அவர் அழவில்லை. என்னைப் பார்த்து, "தூங்குதுன்னு சொன்னியே" என்றார்.

இன்றுவரை அதற்குமேல் அதைப்பற்றி என்னிடம் அவர் பேசியதில்லை. வண்டியிலும் ஏறவில்லை.

இதையெல்லாம் நான் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் கோயில் கூட்டத்தில், அவர் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று யாரோ கேட்டதற்கு நீங்கள் சொன்னீர்கள்: "அப்பன்காரனுக்கு லோடுதான் பெருசாப் போச்சு." அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அண்ணனை எதிர்த்துப் பேசத் தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே அவரைப் பார்த்தது.

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தம்பி உயிருக்குப் பயந்துதான் சொன்னீர்கள். அதையாவது அந்தக் கூட்டத்தில் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மாரியம்மன் நோம்பிக்கு மறுபடி கூட்டம் போடுவார்கள். அதே இடம், அதே ஆட்கள். நான் எழுந்து கேட்பேன். வீட்டுக்குள் வந்து என்னிடம் சமாதானம் சொல்ல வேண்டாம். அங்கே, எல்லோர் முன்னாலும், அவர் காதில் விழும்படி பதில் சொல்லுங்கள், மாமா: லோடு இறக்கிட்டு வா என்று சொன்னது யார்?