ஒரு கீறல் இல்லாமல்

என் சித்தப்பாவை ‘கிரேன்’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வீடு மாற்றித் தரும் ஒரு நிறுவனத்தில் சாமான் தூக்குவது அவர் வேலை. குளிர்சாதனப் பெட்டியை முதுகோடு பட்டையால் கட்டிக்கொண்டு நாலு மாடி இறங்குவார். கீழே வந்ததும் அதை இறக்கி வைத்து, அதன்மேலேயே சாய்ந்துகொண்டு பல் குத்துவார். அக்கம்பக்கத்தார் தன்னைப் பார்க்கத்தான் ஜன்னலைத் திறக்கிறார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்தத் தொழிலில் பலம் மட்டும் போதாது. மூன்று கதவு அலமாரியைக் குறுகலான வாசல் வழியாக வெளியே கொண்டுவரவேண்டும்; சுவரில் ஒரு கீறல் விழக் கூடாது. கீறல் விழுந்தால் வீட்டுக்காரர் மேஸ்திரியைத் திட்டுவார். மேஸ்திரி அதை வட்டியோடு கீழே இறக்குவார். ஒரு வேலை முடிந்ததும் காலி வீட்டுக்குள் போய்ச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது சித்தப்பாவின் வழக்கம்.

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. மாடிப்படியில் சாமானை இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவர் மேல்தான் பாரம் முழுக்க விழும். மேல்பக்கம் பிடிப்பவர் சும்மா தடவிக்கொடுத்துக்கொண்டே இறங்கலாம். யாருக்கு மேல்பக்கம் என்பதை வயதோ அனுபவமோ தீர்மானிப்பதில்லை. தழும்புதான் தீர்மானிக்கும். ‘பீரோ’ என்ற பட்டப்பெயர் கொண்டவர், இரும்பு பீரோ ஒன்றைத் தூக்கிக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். அடிவயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. யாராவது சந்தேகமாகப் பார்த்தால் பெல்ட்டைக் கொஞ்சம் இறக்கிக் காட்டிவிடுவார். அன்றிலிருந்து அவருக்கு மேல்பக்கம், சித்தப்பாவுக்குக் கீழ்ப்பக்கம்.

சித்தப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது பழியை முதலில் வயதின்மேல் போட்டார்கள், பிறகு சித்தியின் சமையல்மேல் போட்டார்கள். உடம்பில் ரத்தம் குறைந்துபோயிருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தபோதுதான் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பநிலை என்றார் டாக்டர். அந்த டாக்டரம்மாவுக்கு எங்கள் மொழி சரளமில்லை. நடுவில் நின்று சொல்வதற்காக என்னை அழைத்துப் போயிருந்தார்கள்.

வயிற்றைக் கிழித்துத் திறக்கப் போவதில்லை என்று டாக்டர் விளக்கினார். ஐந்து சிறிய துளைகள்தான். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளமான கருவிகள். இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கை உள்ளேயே வெட்டி, ஒரு பைக்குள் போட்டு, ஒரு துளையை மட்டும் கொஞ்சம் அகலமாக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சத்தைக் குடலோடு இணைத்துவிடுவார்கள். “கொஞ்ச நாளில் தழும்பு இருப்பதே தெரியாது,” என்று டாக்டர் சிரித்தார்.

சித்தப்பாவின் முகம் தொங்கிவிட்டது. புற்றுநோய் என்று சொன்னபோதுகூட அப்படித் தொங்கவில்லை.

“கொஞ்சம் பெருசா வெட்ட முடியாதான்னு கேளும்மா,” என்றார் என்னிடம்.

“என்ன சித்தப்பா?”

“நெஞ்சிலேருந்து தொப்புள் வரைக்கும். பழைய முறைன்னு ஒண்ணு இருக்குமில்ல?”

“புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?” என்று சித்தி சீறினாள். “டாக்டர்கிட்ட வந்து பேரம் பேசறீங்க. அதுவும் கூடுதலா வெட்டச் சொல்லி!”

வலி அதிகமாக இருக்குமா என்று கேட்கிறார், என்று நான் டாக்டரிடம் சொன்னேன். ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும் என்றார் அவர்.

“குறைவாத்தானா?” என்று கேட்டுவிட்டு சித்தப்பா இன்னும் சோர்ந்துபோனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே நடக்கவைத்தார்கள். மூன்று ஆள் சாப்பாட்டை ஒரே மூச்சில் முடிப்பவர், அரைக் கிண்ணத்தைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார். எடை இறங்கிக்கொண்டே போனது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்வதற்கே வெகுநாள் ஆயிற்று. அப்போதும் இன்னும் சில மாதங்களுக்குப் பாரம் தூக்கவே கூடாது என்று சான்றிதழ் எழுதிக்கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு சித்தப்பா மேஸ்திரியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சித்தி கேட்டாள்.

“என்ன சொன்னார்?”

“நாளைக்கு வரச் சொன்னார். கீழ்ப்பக்கம்.”

“டாக்டர் எழுதிக் கொடுத்தது?”

“பேப்பர்ல யார் வேணும்னாலும் எழுதலாம், தோல்ல எழுதியிருக்கான்னு கேட்டார். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கொசு கடிச்சதுக்கா இத்தனை நாள் லீவுன்னு பீரோ கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க.”

“நீங்க?”

“நானும்தான் சிரிச்சேன். அஞ்சு புள்ளிய வச்சுக்கிட்டு வேற என்ன பண்றது?”

“உள்ள ஒட்டுப்போட்ட வயிறு. நாலு மாடி பாரத்தை வாங்கி, அது விட்டுச்சுன்னா?”

“என் மானத்தை வாங்காத. தூக்கிடுவேன்.”

சித்தி மறுபேச்சுப் பேசவில்லை. அவள் மறுபேச்சுப் பேசாமலிருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று பொருள். ஆபரேஷனைப் படமெடுத்து மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். அதை என் போனில் ஏற்றித் தரச் சொன்னாள்.

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேன் புறப்படத் தயாராக நின்றது. சித்தப்பா பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வேனுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“அண்ணே, ஒரு படம் இருக்கு, பாக்குறீங்களா?” என்றாள் சித்தி மேஸ்திரியிடம்.

படம் என்றதும் எல்லாரும் கூடிவிட்டார்கள். சிவப்பும் மஞ்சளுமாகத் திரையில் ஏதோ நெளிந்தது.

“என்னம்மா இது?”

“உங்க கிரேனோட வயிறு.”

“ஏன் இவ்வளவு மஞ்சளா இருக்கு?”

“அது கொழுப்பு,” என்றேன் நான்.

“அது இருக்குன்னு எங்களுக்கு எப்பவோ தெரியுமே,” என்றார் பீரோ.

சிரித்தார்கள். ஆனால் கருவிகள் வேலையைத் தொடங்கியதும் சத்தம் அடங்கியது. எனக்குத் தலை சுற்றியது. அவர்களோ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாரு, மொதல்ல சுத்தியிருக்க பிடிமானம் எல்லாத்தையும் விடுவிக்கிறாங்க.”

“அதான் முறை. அப்படியே இழுத்தா பிச்சுக்கிட்டு வரும்.”

“பைக்குள்ள போட்டாச்சு. வழியில எதுமேலயும் உரசாது.”

“ஆனா அந்த வாசல்ல இது வராதுய்யா.”

“சாய்ச்சா வரும்.” பீரோ தன்னை மறந்து கையைத் திருப்பிக் காட்டினார். “ஒருக்களிச்சு… இன்னும் கொஞ்சம்… விடாத, விடாத… அவ்வளவுதான்!”

பை வெளியே வந்தது. ஒருவர் கை தட்டினார்.

“சுவத்துல ஒரு கீறல் இல்லய்யா,” என்றார் மேஸ்திரி. அவர் யாரையாவது பாராட்டி நான் கேட்டதில்லை. “இந்த டாக்டரை நம்ம கம்பெனிக்குக் கூட்டிட்டு வரணும்.”

சித்தியின் முகம் மலர்ந்தது. மேஸ்திரி போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

“சரி, இவ்வளவு சுத்தமான வேலைன்னா வீட்டுக்கு ஒரு சேதமும் இல்ல. கிரேன், பட்டையைக் கட்டு. நேரமாச்சு.”

சித்தப்பா கட்டத் தொடங்கினார். படம் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்ததை ஒரு தட்டில் விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துக் காட்டினார்கள். பீரோ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“இது என்னம்மா?”

“பையில வந்தது.”

“இவ்வளவுமா?” அவர் தட்டைப் பார்த்தார், சித்தப்பாவின் வயிற்றைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். “அப்ப உள்ள என்னதான் இருக்கு?”

“மூணுல ஒரு பங்கு.”

பீரோவின் கை தானாகப் போய்த் தன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது. “எனக்கு எதையும் எடுக்கல,” என்றார் மெதுவாக. “பிதுங்கினதை உள்ள தள்ளித் தச்சாங்க. அவ்வளவுதான்.” பிறகு மேஸ்திரியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “அண்ணே, வீட்டையே காலி பண்ணி எடுத்துட்டுப் போயிருக்காங்க. நாம வாசலைத் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லிட்டிருக்கோம்.”

சுவரில் தடயம் வைக்காமல் வீடு வீடாகக் காலி செய்வதுதான் அவர்கள் எல்லாருக்கும் பிழைப்பு.

“நான் அப்பவே நினைச்சேன்,” என்றார் மேஸ்திரி. எப்போது என்று யாரும் கேட்கவில்லை. “கிரேன், பட்டையை அவன்கிட்ட குடு. நீ மேல்பக்கம். சும்மா கை வச்சுக்கிட்டா போதும்.”

சித்தப்பா பட்டையைக் கழற்றிக் கொடுக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பீரோ அதை வாங்கி, நீளத்தைச் சரிசெய்து மாட்டிக்கொண்டார்.

அன்று மாலை பீரோ வீட்டுக்கு வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா உள்ளே படுத்திருந்தார்.

“அண்ணி, உங்ககிட்ட ஒரு முறையீடு.”

“அவர் தூக்கினாரா?” என்று சித்தி பதறினாள்.

“ஒரு விரல்கூட வைக்கல. அதான் பிரச்சினையே. மேல நின்னுக்கிட்டு முதல் படியிலேருந்து கடைசிப் படி வரைக்கும் வாய் ஓயல. இடது, வலது, சுவரு, சுவருன்னு. என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றார். வயித்துல அவ்வளவு எடுத்தாங்களே, அந்த வாயிலயும் கொஞ்சம் எடுத்திருக்கக் கூடாதா?”

சித்தி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“அது அந்தச் சின்ன ஓட்டை வழியா வராது தம்பி,” என்றாள்.