பாவில் வந்து உட்கார்ந்த தேனீக்கள்

காஞ்சிபுரத்தில் நாங்கள் பட்டு நெய்கிறோம். போன தை மாதம் ஒரு காலையில், நெய்யவேண்டிய பாவு இழைகளைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு தேனீக் கூட்டம் இரைச்சலோடு வந்து, பாவு கட்டியிருந்த கம்பத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டது. எல்லோரும் உள்ளே ஓடினோம். பாவு வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில், நான் மண்ணெண்ணெயில் நனைத்த துணிப்பந்தத்தோடு வெளியே வந்தேன்.

மாகறலிலிருந்து கீரை கொண்டுவரும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாக்கா, கல்யாணப் பொடவை எடுக்க வந்திருக்குதுங்க, நெருப்பக் காட்டுறியே! வேற எடம் தேடிப் போவுதுங்க. சீண்டாத, தானா போயிடும். மருந்தடிச்சி அடிச்சி எங்க ஊர்ல தேனீயே கொறஞ்சிபோச்சி. பூசணி பூக்குது, காய் புடிக்கல. எங்க வூட்டுக்காரரு பெட்டி வச்சி வளத்துக்கினு இருக்காரு.”

வெயில் ஏறியதும் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறந்துவிட்டது. ஒருவரையும் கொட்டவில்லை. பந்தத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் பாவு போயிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது யாராவது தேன்கூட்டைக் கொளுத்தக் கிளம்பினால், செல்வி வீட்டுக்காரருக்குப் போன் செய்கிறேன். அவர் வந்து கூட்டைப் பெட்டியில் எடுத்துப்போகிறார். நாலு பேர் முன் பேசக் கூச்சப்படுகிற நான், அவர் வரும்வரை, கொளுத்த வருகிறவர்களைத் தடுத்துப் பேசிக்கொண்டு, கூடு இருக்கும் மரத்தடியிலேயே நிற்கிறேன்.