அங்கால போன இடி

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரக் கண்ணாடிக்கு வெளியே கொட்டியாரக் குடா கறுத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. பலாலியிலிருந்து வந்த சிறிய விமானம் திரியாயைத் தாண்டிவிட்டது. இடிமுகில் எந்தப் பக்கம் நகர்கிறது, இறங்கலாமா என்று விமானி வானொலியில் கேட்டார். மழைத்திரைக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

குடாவின் மறுகரையில், கட்டைபறிச்சானில், என் தங்கச்சி இருக்கிறாள். கைபேசியில் அழைத்தேன்.

“இடி எப்பிடியடி?”

“அது அங்கால போட்டுது அக்கா. நான் உடுப்புக் காயப்போடுறன். வானத்துக்குக் காவல் இருக்கிற நீங்கள் என்னட்டயோ மழை கேக்கிறீங்கள்?”

போய்விட்டது! மனம் துள்ளியது. இறங்கலாம் என்று சொல்ல ஒலிவாங்கியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. அவளுக்கு அங்கால, அந்தப் பக்கம், என்றால் எனக்கு எந்தப் பக்கம்?

“எடியே, உன்ர அங்காலயோ, என்ர அங்காலயோ?”

“என்ர அங்காலதான். உங்கட தலைக்கு மேல வருது!”

ஓடுபாதைக்கு இடிமழை வருகிறது, வடக்கே கடற்பக்கம் சுற்றிக்கொண்டிருங்கள் என்று விமானியிடம் ஆங்கிலத்தில் படபடத்தேன். அவர் திரும்பினார். சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடிகள் அதிர்ந்தன. ஓடுபாதை முழுக்க வெள்ளை வெள்ளையாய் மின்னியது. பிறகு மழைக்குள் காணாமலே போனது.

முகில் மேற்கே கப்பல்துறைப் பக்கம் ஒதுங்கியதும் விமானம் இறங்கியது, இரு பக்கமும் தண்ணீர்ச் சிறகுகள் விரிய. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினேன்.

தங்கச்சி அழைத்தாள். “இடி போட்டுதோ அக்கா?”

“ஓம், போட்டுது.”

“எங்கால?”